எண்ணெய்ச் சக்கரமும் ஐந்து வருஷமும்

1

மூன்று மாதத்துக்கென்று கோயமுத்தூருக்கு வந்தவன் நான். வருகிற தையோடு ஐந்து வருஷம் முடிகிறது.

யாழ்ப்பாணத்தில் பத்திரிகை நடத்தும் என் நண்பர் ஒருவர், "அக்கரை வாழ்க்கையைப் பற்றிச் சில குறிப்புகள் எழுதி அனுப்பும், நம்மவர்கள் படித்துப் பயனடையட்டும்" என்று கேட்டிருந்தார். பயனடைவார்களோ இல்லையோ, எனக்கு இதை எழுதிவிட வேண்டும். ஊரில் என்னை எஞ்சினியர் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். என் மாமா அதைக் கலியாண வீடுகளிலும் சொல்கிறார். நான் எஞ்சினியர் இல்லை. மோட்டார் இறக்குமதி செய்யும் ஒரு கொழும்புக் கம்பெனியில் மெக்கானிக்காக இருந்தவன். ஒரு காரைக் கொண்டுவந்து கொடுத்து, அதன் டிரைவருக்கு அதைப் பராமரிக்கும் முறையைச் சொல்லிக் கொடுத்துவிட்டுத் திரும்பி வர வேண்டும் என்பதுதான் எனக்கு இட்ட வேலை. காரைக் கொடுத்தேன். சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த ஐந்து வருஷமும் அதனால்தான் வந்தது.

2

காரைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் மற்றது ஒன்றும் பிடிபடாது.

மற்றக் கார்களில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் நடுவில் கிளச் இருக்கும். இரண்டு தட்டுகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துச் சுற்றும். இந்தக் காரில் அது கிடையாது. எஞ்சின் பக்கம் ஒரு பெரிய கிண்ணம், கியர்ப் பெட்டிப் பக்கம் இன்னொரு கிண்ணம், இரண்டும் வாயோடு வாய் பார்த்திருக்கும். இரண்டுக்குள்ளும் தகடுகள். நடுவில் எண்ணெய் மட்டும்தான். எஞ்சின் கிண்ணம் எண்ணெயைச் சுழற்றும், எண்ணெய் மற்றக் கிண்ணத்தைச் சுழற்றும். இரும்பு இரும்பைத் தொடாமலே கார் ஓடும். நூறு தடவை பார்த்தவன் நான், இப்போதும் எனக்கு அது ஆச்சரியந்தான். டிரைவர் மாரப்பன் அதற்கு வைத்த பெயர் எண்ணெய்ச் சக்கரம். கம்பெனிப் புத்தகத்தில் இருந்த பெயரைவிட அது நல்ல பெயர்.

மாதம் ஒருமுறை அந்த எண்ணெயைச் சோதிக்க வேண்டும். வண்டி ஆறியிருக்க வேண்டும். முன்சீட்டுக்குக் கீழே பலகையைத் தூக்கினால் சக்கரத்தின் விளிம்பு தெரியும், அதில் ஒரு மூடி. ஸ்டார்ட்டிங் ஹாண்டிலால் எஞ்சினைக் கையால் மெல்லச் சுற்றி, சக்கரத்தில் வெட்டியிருக்கும் கோடு வெளிக்கூட்டில் இருக்கும் கோட்டோடு சேரும்படி நிறுத்த வேண்டும். அப்போது மூடி உச்சியில் இராது, பக்கவாட்டில் சற்றுச் சாய்ந்து நிற்கும். மூடியைக் கழற்றி, துவாரத்தின் உதடு வரைக்கும் எண்ணெய் விட்டால் போதும். அதற்கு மேலே சக்கரத்துக்குள் கொஞ்சம் இடம் வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைதான் முக்கியம். எண்ணெய் சூடேறினால் உப்பும், உப்புவதற்கு இடம் வேண்டும். மூடியை உச்சிக்குக் கொண்டுவந்து முட்ட ஊற்றினால் ஒருநாள் அது, எண்ணெய் கசியாமல் அடைத்திருக்கும் முத்திரையைப் பிய்த்துக்கொண்டு வெளியே வரும்.

இவ்வளவுதான் சங்கதி. ஒரு காலைப்பொழுதில் சொல்லிக் கொடுத்துவிடலாம். நானும் அப்படித்தான் நினைத்து வந்தேன்.

வந்து ஒரு மாதம் ஆவதற்குள் கொழும்பிலிருந்து சிநேகிதன் ஒருவன் எழுதினான். வியாபாரம் படுத்துவிட்டது, ஆட்களைக் குறைக்கிறார்கள், உன் இடத்துக்கு ஆள் வைக்கவில்லை, இனி வைக்கவும் மாட்டார்கள் என்று. அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கார் ஷெட்டுக்குப் போனேன். அன்றுதான் முதல் சோதனை செய்ய வேண்டிய நாள். மாரப்பன் கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு ஆவலாக நின்றார்.

"மாரப்பன், போய் ஒரு செம்பு வெந்நீர் வைச்சுக்கொண்டு வாரும்" என்றேன்.

வெந்நீர் எதற்கும் தேவையில்லை. அவர் அடுப்பு மூட்டி வெந்நீர் கொண்டுவருவதற்குள் கதவைச் சாத்தி வேலையை முடித்து மூடியை இறுக்கிவிட்டேன். வெந்நீரில் என் விரல்களைக் கழுவினேன். அடுத்த மாதமும் வெந்நீர் கேட்டேன். அதற்கடுத்த மாதம் நான் கேட்பதற்கு முன்பே அவர் அடுப்பு மூட்டியிருந்தார். ஒவ்வொரு தமிழ் மாதமும் முதல் தேதி, ஐந்து வருஷமாக, அந்த மனிதர் எனக்கு வெந்நீர் வைத்தார்.

மூன்று மாதம் முடிந்ததும் முதலாளி சென்னியப்பக் கவுண்டர், "மாரப்பனுக்கு வேலை பிடிபட்டுதுங்களா?" என்று கேட்டார். "இன்னும் கொஞ்ச நாள் வேணும் ஐயா, நுணுக்கமான வண்டி" என்றேன். அவர் பருத்தி அரைக்கும் ஆலை வைத்திருப்பவர், நுணுக்கம் என்ற சொல்லுக்கு மரியாதை கொடுப்பவர். ஷெட்டுக்குப் பின்னால் இரண்டு அறை கொண்ட வீட்டை எனக்கு ஒழித்துக் கொடுத்தார். அடுத்த வருஷம் மனைவி பாக்கியத்தையும் நாலு வயது மகளையும் கூட்டி வந்தேன். அந்த ரகசியம் இருக்கும் வரைதான் அந்த வீடு. அது எனக்கும் பாக்கியத்துக்கும் மட்டும் தெரியும்.

3

இங்குள்ளவர்கள் பேசுவதைப் பற்றி எழுதச் சொல்லியிருக்கிறார் நண்பர். எழுதுகிறேன்.

கோபத்தில்கூட ஒரு 'ங்க' போட்டுத்தான் திட்டுகிறார்கள். ஒருநாள் கடைவீதியில் இரண்டு பேர் சண்டை பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். "உங்க பல்லைப் பேத்துப்போடுவனுங்க" என்றார் ஒருவர். மற்றவரும் மரியாதை குறையாமல், "பேத்துப் பாருங்க பாக்கலாம்" என்றார். நமது ஊரில் இவ்வளவு மரியாதை நல்லது கெட்டதுக்குக் கூடக் கிடைக்காது.

நான் வந்த புதிதில் என் பேச்சு இவர்களைப் பாடாய்ப் படுத்தியது. முதல் வாரம் முதலாளியின் தோட்டத்துக்குப் பொள்ளாச்சிப் பக்கம் போய்த் திரும்பும் நேரம். வண்டியில் ஏறப் போனபடி, "சரி மாரப்பன், வெளிக்கிடுவம்" என்றேன். புறப்படுவோம் என்று சொன்னதாக எனக்கு நினைப்பு. மாரப்பன் சற்றுக் கூச்சத்தோடு கை காட்டினார். "அந்தக் கிளுவ வேலிக்கு அக்கட்ட மறைவா இருக்குமுங்க. நீங்க போயிட்டு வாங்க, நா இங்கயே நிக்கறனுங்க." செம்பில் தண்ணீரும் எடுத்துத் தந்தார். வேறு வழி தெரியாமல் வேலிக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தேன். கிளுவை வேலி மட்டும் நம்மூர் வேலி போலவே இருந்தது.

வருஷத்துக்கொருமுறை லைசென்ஸ் புதுப்பிக்கப் போவேன். அதில் நிரந்தர விலாசம் என்று ஒரு கட்டம். முதல் வருஷம் யாழ்ப்பாணத்து விலாசத்தை எழுதினேன். "ஏனுங்க, அங்க குடியிருந்துக்கிட்டு இங்க எப்படீங்க வண்டி ஓட்டுவீங்க?" என்று திருப்பித் தந்தார் குமாஸ்தா. அடுத்த வருஷம் முதலாளி வீட்டு விலாசத்தை எழுதினேன். "இது உங்க ஊடுங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப நிரந்தரம்னு எப்படீங்க போடறது?" நியாயமான கேள்விதான். மூன்றாம் வருஷம் அவரே எதையோ எழுதிக்கொண்டார். என்ன எழுதினார் என்று நான் கேட்கவில்லை.

மகளுக்கு இப்போது எட்டு வயது. 'சாப்பிட்டனியோ பிள்ளை' என்று கேட்டால், "சாப்புட்டனுங்கப்பா" என்கிறாள். பெற்ற மகள் எனக்கு 'ங்க' போடுவது முதலில் சிரிப்பாக இருந்தது, பிறகு பெருமையாக இருந்தது, இப்போது என்னமோ செய்கிறது. போன வருஷம் பள்ளிக்கூடத்து வாசலில் பாக்கியம் அவளைக் கூப்பிட்டுக் கதைத்ததைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்து, "அம்மா, நாளைக்கு நீங்க வராதீங்க. மாரப்பண்ணன் வரட்டும்" என்று சொல்லிவிட்டாள். பாக்கியம் அடுப்படிக்குப் போய்விட்டாள். அன்றைக்குக் குழம்பில் உப்பு இல்லை. நான் குறை சொல்லாமல் சாப்பிட்டேன்.

4

இந்த வருஷம் ஆவணியில் எனக்கு மலைக்காய்ச்சல் வந்தது. மூன்று வாரம் எழும்ப முடியவில்லை. மாத முதல் தேதி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

முதலாளியின் மகனுக்குப் பெண் நிச்சயம் ஆகியிருந்தது. கோபிசெட்டிபாளையத்தில் பெரிய குடும்பம். சம்பந்தி வீட்டார் ஐந்து பேர் வந்திருந்தார்கள். அவர்களுக்குக் குன்னூர் காட்ட வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. மலை ஏறுகிற பயணம், வண்டியில் பெண்களும் இருப்பார்கள், வண்டியோ சோதனை பார்க்கப்படாமல் கிடக்கிறது. மாரப்பன் என் வீட்டு வாசல் வரைக்கும் வந்திருக்கிறார். நான் காய்ச்சலில் பிதற்றிக்கொண்டிருந்தேனாம். பாக்கியத்திடம் ஒன்றும் கேட்காமல் திரும்பிப் போய், தானே செய்துவிட்டார்.

வெந்நீர் வைத்திருக்கிறார். பலகையைத் தூக்கியிருக்கிறார். எண்ணெயைப் புது மல்லுத்துணியில் இரண்டு தடவை வடிகட்டியிருக்கிறார். நான்கூட ஒருதடவைதான் வடிப்பேன். பிறகு எவரும் செய்யக்கூடியதைச் செய்தார். மூடியை நேர் உச்சிக்குக் கொண்டுவந்து, துவாரத்தில் வழிய வழிய ஊற்றினார். இந்தச் சீமையில் அரைகுறையாக ஊற்றுவது பெரிய அவமானம். சோறு போட்டாலும் மோர் விட்டாலும் வழிய வேண்டும். களத்தில் கூலிக்குத் தானியம் அளந்தால் வள்ளம் என்கிற அளவுப்படியின் தலையைத் தட்டமாட்டார்கள், கும்பாரமாகக் குவித்துத்தான் போடுவார்கள். கோயில் விளக்கில் திரி நனையும் அளவுக்கு எண்ணெய் விட்டுவிட்டுப் போகிறவனை எவரும் மதிப்பதில்லை. நல்ல காரியத்துக்குப் போகிற வண்டிக்கு மாரப்பன் குறை வைப்பாரா? செய்ததெல்லாம் செய்தும் வெந்நீரை என்ன செய்வதென்று தெரியவில்லையாம். வண்டிச் சக்கரங்களைக் கழுவிவிட்டாராம்.

மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறும்போது ஒன்பதாவது வளைவோ பத்தாவது வளைவோ, எஞ்சின் கூச்சல் போட்டது, வண்டி நின்றது. பலகை இடுக்கால் புகை. எண்ணெய் பீய்ச்சி அடித்துச் சம்பந்தியம்மாளின் பட்டுச் சீலையெல்லாம் கறுப்பு. "பரவால்லீங்க, பழைய சீலைதானுங்க" என்றாராம் அந்த அம்மாள். அன்றைக்குத்தான் மடிப்புக் கலைத்த சீலை அது. வாழைக்காய் ஏற்றிப் போன லாரியில் பெண்களை ஏற்றி அடிவாரத்தில் இறக்கினார்கள். காரை இரண்டு ஜோடி எருது கட்டி இழுத்து வந்தார்கள். வழிநெடுக ஜனங்கள் நின்று பார்த்தார்கள். சென்னியப்பக் கவுண்டர் அந்தக் காருக்குப் பின்னால் நடந்தே வந்தார், லாரியில் ஏறவில்லை.

5

காய்ச்சல் விட்ட மறுநாள் மாரப்பன் என்னைப் பார்க்க வந்தார். கையில் ஒரு தூக்குப் போசி நிறையக் கொள்ளு ரசம்.

"மேஸ்திரி, நாந்தானுங்க கெடுத்துப்போட்டேன்" என்றார். "நெறைய ஊத்துனேன். கம்மியா இருந்து நடுவழில நின்னுபோச்சுன்னா என்னங்க பண்றதுன்னு. பண்ணாடி என்னைக் காட்டு வேலைக்கே அனுப்பிச்சுப்போடறேன்னு சொல்லிட்டாருங்க. அது கெடக்குதுங்க. வண்டி பொழைச்சுக்குமுங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

பண்ணாடி என்றால் பண்ணைக்கு உடையவர், முதலாளி. மாரப்பன் அவர் வீட்டில் மாட்டு வண்டி ஓட்டிய காலத்திலிருந்து இருப்பவர். கார் வந்தபோது அவரையே டிரைவராக்கினார்கள். காரில் ஏறி உட்கார்ந்த நாளிலிருந்து வெற்றிலையை விட்டவர்.

"பிழைக்கும். முத்திரைதான் போயிருக்கும், வேறொன்றுமிராது" என்றேன். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பாக்கியம் கதவோரம் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, நீங்கள் அந்த மனிசனுக்குச் சொல்லிக் குடுத்திருந்தால் இது நடந்திருக்குமோ?"

"நடந்திராது."

"பிறகென்ன படுத்திருக்கிறியள்?"

அந்த ரசத்தை நான் குடிக்கவில்லை. அவள் எடுத்துக்கொண்டு போய் மகளுக்குக் கொடுத்தாள். சால்வையைப் போர்த்திக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து முதலாளி வீட்டுக்குப் போனேன்.

முழுவதையும் சொன்னேன். மூன்று மாதத்தையும், கொழும்புக் கடிதத்தையும், சாத்திய கதவையும் சொன்னேன். வெந்நீரைக் கடைசியாகச் சொன்னேன். அவர் தொடையில் கையை வைத்துக்கொண்டு முற்றத்தைப் பார்த்திருந்தார்.

"தப்பு மாரப்பன் மேல இல்லீங்க, அப்ப" என்றார் கடைசியில்.

"இல்லை ஐயா. என்ரை பிழை."

"சரிங்க. ஒடம்பு தேறினதும் வண்டியச் சரி பண்ணிக் குடுங்க. மாரப்பனுக்கு எல்லாத்தையும் சொல்லிக் குடுங்க. அவன் கத்துக்கிட்டேன்னு எங்கிட்டச் சொல்ற அன்னைக்கு நீங்க ஊருக்குப் பொறப்படலாமுங்க." ஒரு சொல்லிலும் மரியாதை குறையவில்லை. "காப்பி குடிச்சிட்டுப் போங்க" என்றும் சொன்னார்.

திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

6

புரட்டாசி முழுவதும் முத்திரை வருவதற்குக் காத்திருந்தோம். மெட்ராஸிலிருந்து வந்து சேர்ந்தது. ஐப்பசி முதல் தேதி ஷெட்டுக் கதவை அகலத் திறந்து வைத்துக்கொண்டு மாரப்பனுக்குக் காட்டினேன். கோட்டைக் காட்டினேன், மூடியைக் காட்டினேன், வெறுமையாக விட வேண்டிய இடத்தையும் காரணத்தையும் சொன்னேன். அவர் ஒருமுறை பார்த்தார். இரண்டாவது முறை அவரே செய்தார், கை நடுங்காமல், ஒரு சொட்டுச் சிந்தாமல். அந்தக் கூர்மையை ஐந்து வருஷம் அடுப்படியில் உட்கார வைத்தவன் நான்.

"வெந்நி எதுக்குங்க மேஸ்திரி?" என்று கேட்டார்.

"ஒன்றுக்கும் இல்லை. உம்மை அங்காலே அனுப்பத்தான்."

"அது தெரியாம அடுப்பை வேற புதுசாக் கட்டிப்போட்டனே" என்று சிரித்துவிட்டார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

சாயங்காலம் முதலாளி ஷெட்டுக்கு வந்தார். "என்ன மாரப்பா, புடிபட்டுதா?"

மாரப்பன் தரையைப் பார்த்தார். "இன்னும் இல்லீங்க பண்ணாடி. நுணுக்கமான வண்டிங்க."

நான் பக்கத்திலேயே நின்றேன். வாய் திறக்கவில்லை.

முதலாளி போனதும் ஏன் அப்படிச் சொன்னீர் என்று கேட்டேன். "அம்மணி பள்ளிக்கோடத்துல படிக்குதுங்களே. பாதி வருசத்துல எங்கீங்க கூட்டிட்டுப் போவீங்க? பரிச்ச முடியட்டும்" என்றார், இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி. நான் முன்பு முதலாளியிடம் சொன்ன அதே பொய்யை அவர் எனக்காகச் சொன்னார். நான் எனக்காகச் சொன்னேன், அவருக்கு அதில் ஒரு லாபமும் இல்லை. இது தெரிந்தும் நான் அந்தப் பொய்க்குக் கீழே இரண்டு மாதம் குடியிருந்தேன். ஊரில் உள்ளவர்கள் இதைப் படிக்கும்போது என்னை என்ன நினைப்பார்கள் என்று தெரியும். நினைக்கட்டும்.

கார்த்திகையிலும் அதே கேள்வி, அதே பதில். ஆலையாட்கள் முன்னால் முதலாளி அவரை மரமண்டை என்றார். மாரப்பன் தலையைச் சொறிந்துகொண்டார்.

அன்றைக்குத்தான் ஊருக்குப் போக வேண்டி வரலாம் என்று மகளிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, "அங்க பேசற மாதிரி எனக்குப் பேச வருமுங்களாப்பா?" என்று கேட்டாள். வரும் என்றேன். "இங்க அம்மாளச் சிரிச்ச மாதிரி அங்க என்னயச் சிரிக்க மாட்டாங்களே?" பாக்கியம் அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். தாயும் மகளும் அன்றைக்கு வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள், அவரவர் தமிழில்.

மார்கழி முதல் தேதி முதலாளி காலையிலேயே ஷெட்டுக்கு வந்துவிட்டார். அவருக்கு அலுத்துப்போயிருந்தது. "இதோ பாரு மாரப்பா. ஒனக்கு வராதுன்னா வராதுன்னு சொல்லிப்போடு. கோயமுத்தூர்ல படிச்ச டிரைவருங்க எத்தனையோ பேர் இருக்கறாங்க. ஒருத்தனக் கொண்டாந்து வெச்சர்றேன். நீ தோட்டத்துக்குப் போ. புடிபட்டுதா இல்லையா?"

"இல்லீங்க" என்றார் மாரப்பன்.

அவர் குரலில் ஒரு தடுமாற்றமும் இல்லை. என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை.

"ஐயா, அவருக்கு எல்லாம் தெரியும். முதல் நாளே தெரியும். எனக்காகத்தான் பொய் சொல்லுகிறார்" என்றேன்.

முதலாளி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்படீங்களா? மாரப்பா, எங்கே, என் முன்னால செய்யி பாக்கலாம்."

மாரப்பன் பலகையைத் தூக்கினார். தூசி துடைத்தார். ஹாண்டிலைப் போட்டு மெல்லச் சுற்றினார். கோடு கோட்டோடு சேர்ந்தது. அவர் நிறுத்தவில்லை. மேலும் சுற்றினார். மூடி நேர் உச்சிக்கு வந்து நின்றது. கழற்றினார். எண்ணெய்க் கேனைத் தூக்கி ஊற்றத் தொடங்கினார்.

மறந்து செய்கிறார் என்று ஒரு கணம் நினைத்தேன். அவர் முதலாளியைப் பார்க்கவில்லை, துவாரத்தையும் பார்க்கவில்லை. என்னைப் பார்த்துக்கொண்டே ஊற்றினார். இன்னும் அரைக் குவளை ஊற்றினால் அவர் வேலை போய்விடும், என் வேலை நிலைக்கும். அது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

கேனோடு சேர்த்து அவர் கையைப் பிடித்தேன். எண்ணெய் இரண்டு பேர் கையிலும் வழிந்தது.

"உடுங்க மேஸ்திரி" என்றார் மெல்ல.

"வேண்டாம் அண்ணை."

என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவர் அவர். ஐந்து வருஷமும் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறேன். அந்தச் சொல் தானாக வந்தது. கண் நிறைந்துவிட்டது.

மாரப்பன் கேனைக் கீழே வைத்தார். ஹாண்டிலை மறுபடி பிடித்து, கோடு சேரும் வரைக்கும் திருப்பிக் கொண்டுவந்தார். கூடுதலாகப் போன எண்ணெய் துவாரத்தின் உதட்டால் வழிந்து துணியில் இறங்கியது. அது தானாக நிற்கும் மட்டும் காத்திருந்தார். மூடியைப் போட்டு இறுக்கினார், சுற்றிலும் துடைத்தார், பலகையை வைத்தார்.

முதலாளி குனிந்து பலகையைத் தொட்டுப் பார்த்தார். "தெரிஞ்சிருக்குது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "தை பொறந்ததும் பொறப்படுங்க மேஸ்திரி. அம்மணிக்குப் பள்ளிக்கோடத்துல கடுதாசி வாங்கிக் குடுக்கச் சொல்றனுங்க" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனார்.

நான் அங்கேயே நின்றேன். ஷெட்டில் செய்வதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை. மாரப்பன் துணியால் என் கையைத் துடைத்துவிட்டார், பிள்ளைக்குத் துடைப்பது போல விரல் விரலாக.

"நீங்க ஊட்டுக்குப் போங்க தம்பி. வண்டிய நா பாத்துக்கறேன்" என்றார்.

வெளியே வந்தேன். அந்த வண்டியை வேறொருவர் கையில் விட்டுவிட்டு நான் திரும்பிப் பாராமல் நடந்தது அன்றைக்குத்தான்.